சமைக்கிறவரையும் அழைத்து வாருங்கள்

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பேரியாட்ரிக் பிரிவில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வருகிறவர்கள் சர்ஜனைப் பார்த்த கையோடு என் அறைக்கு வருவார்கள். எடை, உயரம் எல்லாம் ஏற்கெனவே ஃபைலில் இருக்கும். நான் முதலில் கேட்பது, "வீட்ல யாரு சமைக்கிறாங்க?" என்பதைத்தான். அம்மா என்பார்கள், வீட்டுக்காரி என்பார்கள், மெஸ் சாப்பாடு என்பவர்களும் உண்டு. "அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவேன். சமைக்கிறவரைப் பார்க்காமல் உணவு அட்டவணை எழுதித் தருவதில்லை என்று ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்தும் உடுமலையிலிருந்தும் லீவு போட்டு வருகிறவர்களுக்கு இதில் கோபம் வரும். வரட்டும். ஆபரேஷன் தியேட்டரில் ஒன்றரை மணியோ இரண்டு மணியோ நடப்பதைச் சர்ஜன் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதெல்லாம் அந்த வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது.

என்னிடம் வருகிற யாரும் எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் இல்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் கொள்ளு ரசம் குடித்திருப்பார்கள். வெந்நீரில் தேன், பேலியோ, ஜிம், வாக்கிங் எல்லாம் பார்த்திருப்பார்கள். பத்து கிலோ குறைந்து பன்னிரண்டு கிலோ ஏறியிருக்கும். சோம்பேறி என்றும் வாயைக் கட்டத் தெரியாதவர் என்றும் சொந்தக்காரர்கள் பேசியதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டுதான் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்று நான் சொல்லும்போது அழுதுவிடுகிறவர்கள் உண்டு. அதிலும் ஆண்கள் அதிகம்.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு அளவுகோல் உண்டு. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை கூட இருந்தால் என்று 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் வகுத்தார்கள். நம் இனத்தவருக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருகிற உடல்வாகு நம்முடையது. அதனால் ஆசியர்களுக்கு அளவுகோல் கீழே இறங்கியது. 2022-இல் உலக அளவிலான வழிகாட்டுதலையே திருத்தி எழுதினார்கள். அதன்படி பி.எம்.ஐ. 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம். யோசிக்கலாம் என்பதற்கும் செய்தே ஆக வேண்டும் என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்று வருகிறவர்களை எங்கள் குழு திருப்பி அனுப்பியிருக்கிறது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் அல்லது பருமன் உள்ளவர்கள் என்று வந்தது. ஆண்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல். இதில் மிகச் சிறிய பங்குதான் அறுவை சிகிச்சை வரை வருகிறது.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் படம் வரைந்து காட்டுவேன். நம் ஊரில் அதிகம் நடப்பது ஸ்லீவ். இரைப்பையின் இடப்பக்கத்துப் புடைப்பை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள். முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் கண்டுபிடித்த ஹார்மோன் இது. அதனால்தான் முதல் சில மாதங்கள் பசியே தெரிவதில்லை என்கிறார்கள். பைபாஸ் என்ற இன்னொரு முறையில் இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் நேராகத் தைத்துவிடுவார்கள். 1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது. இரைப்பைப் புண்ணுக்காக வயிற்றின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை. பைபாஸ் முடிந்து சில நாட்களிலேயே, எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சர்க்கரை அளவு இறங்கிவிடுவதைப் பார்க்கிறோம். இன்சுலின் அளவை அன்றன்றைக்கு மாற்றாவிட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கிவிடுவார்கள்.

தயாராவதில் என் பங்கு பெரியது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரிக்குள் ஒரு கடுமையான உணவுமுறை கொடுப்போம். எடையைக் குறைக்க என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கல்லீரலைச் சுருக்கத்தான் அது. கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. துளை வழியாகக் கருவியை விட்டு அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை தெரியும். பருமன் உள்ளவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பேறி வீங்கி, ஓரம் மழுங்கி, தொட்டால் கிழிந்து ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அதில் சேமித்த கிளைகோஜனும் அதோடு கட்டுண்ட தண்ணீரும் வெளியேறி இரண்டே வாரத்தில் அது கண்கூடாகச் சுருங்குகிறது.

இந்த இரண்டு வாரத்துக்கு எதிரி வீட்டாரின் பாசம். "இனி ஆயுசுக்கும் சாப்பிட முடியாதே" என்று பிரியாணி, ஒப்பிட்டு, பணியாரம் என்று வரிசையாகச் செய்து போடுவார்கள். மாமியார் வீட்டில் ஒரு விருந்து, அக்கா வீட்டில் ஒரு விருந்து. நோயாளி மட்டும் வந்து கேட்டுவிட்டுப் போனால் இதுதான் நடக்கும். சமைக்கிறவர் என் முன்னால் உட்கார்ந்து நான் காட்டும் கல்லீரல் படத்தைப் பார்த்துவிட்டால் நடக்காது. ஒரு அம்மா படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் போடற சோறுதானுங்க அங்க போய் நிக்குது?" என்று கேட்டார். "நீங்க நிறுத்தினா அதுவும் போயிடும்மா" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காவல்காரர் அவர்தான்.

மற்றவை எல்லாம் பட்டியல்போல் நடக்கும். எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை. குறட்டை விடுகிறவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே சிபாப் கருவி போட்டுத் தூங்கப் பழக வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்தியாக வேண்டும், அதில் பேரமே இல்லை. மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜைத் திறக்கும் பழக்கமும் குடியின் உண்மையான அளவும் அந்த அறையில்தான் வெளியே வருகின்றன. ரத்தத்தில் வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து பார்ப்போம். இத்தனை பெரிய உடம்புக்குள் இத்தனை குறைபாடா என்று குடும்பத்தார் திகைப்பார்கள். பருமனும் சத்துக்குறைவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

சிகிச்சை முடிந்த மறுநாள் காலை நான் வார்டுக்குப் போவேன். வயிற்றில் ஐந்தாறு சின்னத் துளைகள்தான், ஆனால் உள்ளே ஏற்றிய வாயு தோள்பட்டையில் வலிக்கும். நடந்தால் குறையும். காலில் இறுக்கமான சாக்ஸோடு வராந்தாவில் நடக்கவிட்டிருப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் உண்டு. மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டரை உறிஞ்சிப் பழகச் சொல்லி நர்ஸ் நின்றுகொண்டிருப்பார். என் வேலை தண்ணீர் குடிக்கக் கற்றுத்தருவது. இருமல் மருந்து பாட்டிலின் மேல் கவிழ்த்திருக்குமே, கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி, அதில் 30 மில்லி ஊற்றிக் கையில் கொடுப்பேன். அதைக் கால் மணி நேரத்தில், நாலைந்து மிடறாகக் குடிக்க வேண்டும். அண்ணாந்து ஊற்றிக் குடித்துப் பழகிய நாம் மிடறு மிடறாகச் சப்பிக் குடிப்பது எளிதில்லை. அண்ணாந்து குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கி நெஞ்சை அடைக்கும். பஸ் கண்டக்டர் ஒருவர் முதல் மிடறை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் இறங்குவதை ஒவ்வொரு அங்குலமாக உணர்கிறேன் என்றார். அன்றைக்கு அவருக்கு மூடி மூடியாகத் தண்ணீர் மட்டும்தான்.

வீட்டுக்குப் போகும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவோம். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல், வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சுவாங்கல் இருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் மணிக்கணக்கு முக்கியம்.

முதல் இரண்டு வாரம் திரவம். வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், நீர்மோர், இளநீர், தண்ணீரில் கரைத்த புரோட்டீன் பவுடர். அடுத்து மசித்த உணவு, அப்புறம் குழைவானது, ஆறு வாரம் போல் ஆனபின் மெல்ல வேண்டிய உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள்கணக்கு கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. எங்கள் துறையின் பாடப்புத்தகங்களில் யோகர்ட்டும் ஸ்கிராம்பிள்ட் எக்கும் சூப்பும் போட்டிருக்கும். அதைப் படியெடுத்துக் கொடுத்தால் பல்லடத்து வீட்டில் யாருக்கும் உதவாது. அங்கே இருப்பது கொள்ளு, பச்சைப்பயறு, அரிசிம்பருப்பு சாதம், ராகிக் களி, சந்தகை. என்ன செய்யலாம் என்பதைச் சமைக்கிறவரோடு உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க முடியும். கொள்ளை வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மிளகாய் போடாமல் சீரகமும் உப்பும் மட்டும் போட்டுக் கொடுக்கலாம் என்பது ஒரு பாட்டி எனக்குச் சொன்ன யோசனை. இப்போது என் எல்லா நோயாளிகளுக்கும் அதைச் சொல்கிறேன். களி ஆகவே ஆகாது, உருண்டையாகப் போய் அடைத்துக்கொள்ளும். சோறு பசைபோல் ஒட்டும். இட்லி மெத்தென்று இருக்கிறதே என்று மூன்றாம் வாரத்திலேயே கொடுத்துவிடுவார்கள். சரியாக மெல்லாமல் விழுங்கினால் நடுநெஞ்சில் நின்றுகொண்டு நுரை நுரையாக எச்சில் வரும். "ஏனுங் மேடம், ஒரு வாய் சோறு கூடவா ஆகாது?" என்று கேட்கிற குரலில் இருக்கும் துக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பசி போய்விடுகிறது, சோற்றின் மேல் இருக்கும் ஆசை போவதில்லை.

புரதக் கணக்கு பெரிய போராட்டம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் தயிரில் மூன்று, நான்கு. வெந்த பருப்பு ஒரு கிண்ணம் என்றால் எட்டு கிராம் தேறும், ஆனால் அந்த வயிறு ஒரு கிண்ணத்தைத் தாங்காது. மீனோ கோழியோ சாப்பிடுகிறவர்கள் ஆறு மாதத்தில் சமாளித்துக்கொள்கிறார்கள். சைவக்காரர்களுக்குப் பன்னீர், சோயா, பயறு, கூடவே பவுடர் இல்லாமல் முடியாது. சத்துமாவுக் கஞ்சி போதும் என்று நம்புகிறவர்களிடம் அதில் பெரும்பங்கு மாவுச்சத்துதான் என்று விளக்க வேண்டியிருக்கிறது. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிஞ்சினால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி கழித்துத்தான். இலையில் சோற்றை வைத்து அதன்மேல் குழம்பை ஊற்றும் வீட்டில் இந்த வரிசை தலைகீழ் மாற்றம்.

நோயாளியே சமைக்கிறவராக இருந்துவிட்டால்? என்னிடம் வருகிற பெண்களில் பலர் அப்படித்தான். ஐந்து பேருக்கு ஆக்கிப் போட்டு, கடைசியில் தனியாக உட்கார்ந்து, பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் வீணாக்க மனசில்லாமல் சேர்த்துச் சாப்பிட்டு வந்தவர்கள். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம் தாளிக்கிற வாசனையில் குமட்டலோடு அடுப்பின் முன் நிற்கிறார்கள். "உங்களுக்கு யாரு செஞ்சு தருவாங்க?" என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படிப்பட்ட வீடுகளில் கணவரைத்தான் வரச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒருவர் பாக்கெட் நோட்டைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பருப்பு எத்தனை விசில், தண்ணீர் எத்தனை டம்ளர், பவுடர் எத்தனை ஸ்பூன். அடுத்த மாதம் வந்தபோது, "இவ ஒரு நாள்ல எத்தனை தடவை அடுப்படிக்குள்ள போறான்னு எனக்கு இப்பத்தானுங்க தெரியுது" என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவருடைய எடை இறங்கிய வேகம் எங்கள் குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம் தந்தது. அதில் பாதிப் பெயர் அந்தப் பாக்கெட் நோட்டுக்குச் சேர வேண்டும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு பெண் வாரக்கணக்காக வாந்தி எடுத்திருக்கிறார். ஆபரேஷன் பண்ணினால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மாத்திரையும் வயிற்றில் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு இடத்தில் களைப்புக்கு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடந்தால் தள்ளாடுகிறது என்று எங்களிடம் கொண்டுவந்தார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் வருவது அது. உடம்பில் அதன் சேமிப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸை ஏற்றினால் இருக்கும் கொஞ்சநஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படும். நரம்பு வழியே தயமின் ஏற்றினோம். பார்வை சில நாளில் சரியானது, நடை சீராக மாதங்கள் பிடித்தன. அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டில், 'வாந்தி நிற்கவில்லை என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின்' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, நோயாளியின் பர்ஸிலும் ஒரு பிரதி வைக்கச் சொல்கிறேன். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் காட்டட்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். சீப்பில் கொத்தாக வருவதைக் கண்டு பெண்கள் அரண்டுபோவார்கள். உடம்பு வேகமாக இளைத்த அதிர்ச்சியில் வருவது. பெரும்பாலோருக்குப் புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கிறது. தோல் தொங்கும். கர்ப்பத்தை ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். எடை இறங்கியதும் மாதவிலக்கு சீராகி எதிர்பாராமல் கருத்தரிப்பதும் உண்டு என்பதால் கணவன் மனைவி இருவரிடமும் இதைப் பேசிவிடுவேன். பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போடக் கூடாது, தைத்த இடத்தில் புண் வரும். மது வழக்கத்தைவிட வேகமாக ஏறும். கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டால் சிலருக்குப் பத்து நிமிடத்தில் வியர்த்துப் படபடத்து வயிறு புரட்டும். சிலருக்குச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கும். அந்தக் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு இனிப்பை விட்டவர்கள் உண்டு. முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும்தான் எனக்குப் பயம். அவை எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறைந்த உணர்வே வராது. எடை திரும்ப ஏறுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு.

2025-இல் டிர்செபடைடும் எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடும் இந்தியாவில் ஊசியாக விற்பனைக்கு வந்த பிறகு, "இனி உங்களுக்கு வேலை இருக்காதே" என்று பலர் கேட்கிறார்கள். அந்த மருந்துகளை நான் வரவேற்கிறேன். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போகும், சிலருக்கு ஏறிய எடையை இறக்க உதவும். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பிவிடுகிறது. ஊசி போட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கும் அதே புரதக் கணக்குதான், அதே அடுப்படிதான்.

இதைப் படிப்பவர்களில் வருடங்களுக்கு முன் ஸ்லீவோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் இருப்பீர்கள். முதல் வருடம் தவறாமல் வந்திருப்பீர்கள், அப்புறம் நின்றுபோயிருக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசுக்கும் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். பத்து கிலோ திரும்ப ஏறிவிட்டதே, எந்த முகத்தோடு போவது என்றுதான் பெரும்பாலோர் வராமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த மாதமே வாருங்கள். எங்களிடம் இல்லாவிட்டாலும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பேரியாட்ரிக் பிரிவுக்குப் போங்கள். உங்களைத் திட்ட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.